சூசையப்பருக்குப் பக்கத்துக் கமரா

எங்கள் வீட்டு ஹோலில் பிளக் போடக்கூடிய இடம் ஒன்றுதான் இருக்கிறது. புனிதர்களின் சுரூபங்கள் வைத்திருக்கும் பலகைக்குச் சற்றுக் கீழே, சின்ன பல்ப்பு ஒன்று எரிவதற்காக அம்மா இருந்த காலத்தில் போட்டது. அதனால்தான் அண்ணன் ஜேர்மனியிலிருந்து அனுப்பிய கமராவைச் சூசையப்பருக்குப் பக்கத்தில் வைத்தோம். வேறு காரணம் எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு நான் செபத்துக்கு முழந்தாளில் இருக்கும்போதெல்லாம், சூசையப்பரும் கமராவும் சேர்ந்தே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா மன்னாருக்கும் தலைமன்னாருக்கும் இடையில் பஸ் ஓடினவர். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த நாளிலிருந்து ஹோலில் கட்டிலோடு இருக்கிறார். அம்மா இல்லை. அண்ணன் போய்க் கனகாலம். மன்னார்த் தீவில், தோட்டவெளி வீட்டில் நானும் அப்பாவும்தான். அவரைப் புரட்டுவது, தூக்கி இருத்துவது, கழுவுவது எல்லாம் நான். கலியாணம் செய்யாத நடுத்தர வயதுப் பெண்ணுக்கு இதைவிட வேறு என்ன வேலை இருக்கிறது என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். சிறு வயதிலிருந்தே அப்படித்தான். கோயிலில் சனம் இருக்கும் கடைசி வாங்குக்குப் பின்னால் நிற்பேன். அண்ணன் போன் எடுத்தாலும் ஓம், இல்லை, சரி என்பதற்கு மேல் எனக்கு வாய் வராது. நான் ஆறுதலாகக் கதைத்த ஒரே ஆள் சூசையப்பர். பின்நேரச் செபம் முடிந்ததும் அப்பா கண்ணை மூடிவிடுவார். பஸ் இஞ்சின் இரைச்சலில் அவருடைய இடது காது எப்போதோ போய்விட்டது. அந்தக் காதுப் பக்கமாக, எழும்பாமல் அப்படியே முழந்தாளில் இருந்து, அன்றைக்கு நடந்ததைச் சின்னக் குரலில் சொல்லுவேன். சந்தையில் மீன் நல்லதாக இல்லை என்பதையும் சொல்லுவேன்.

கமரா வந்த புதிதில் கூச்சமாக இருந்தது. ஆனால் அதன் நெற்றியில் ஒரு நீல விளக்கு இருந்தது. அண்ணன் போனில் எங்களைப் பார்க்கும்போது அது எரியும், பார்க்காதபோது அணைந்திருக்கும். அந்த விளக்கை வைத்து நான் என் நாளை ஒழுங்குபடுத்திக்கொண்டேன். எரிந்தால் சீலைத் தலைப்பை இழுத்து விடுவேன், முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வேன். அணைந்தால் மூச்சு விடுவேன்.

ஒரு நாள் விளக்கு எரிந்த உடனேயே போன் வந்தது.

"வாசல்ல ஆரோ நிக்கிறாங்கள். ஆர் அது?"

"கழுதை, அண்ணை."

"என்ன?"

"மன்னார் ரவுணுக்குள்ள திரியிற கழுதையள் இஞ்சாலயும் வருகுது. கதவைத் திறந்தா எட்டிப் பாக்கும்."

கட்டிலில் இருந்து அப்பா சத்தம் போட்டார். "அவனுக்குச் சொல்லு, அதுவாவது நேர வந்து என்னைப் பாக்குது எண்டு!"

அண்ணன் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

பிறகு ஒரு நாள் அப்பா கட்டிலில் இருந்து விழுந்தார். நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தபோது அவர் நிலத்தில் கிடந்தார். என் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை அடைத்துப்போயிருந்தது. அந்த நேரத்தில் அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அவருடைய போனில் படம் இறுகி நின்றிருக்கிறது. அப்பா கட்டிலில் அமைதியாகத் தூங்குகிற படம். அதைப் பார்த்துவிட்டு அவர் நிம்மதியாக வேலைக்குப் போயிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் உடைந்தது. எங்கள் வீட்டுப் படம் ஏதோ ஒரு நாட்டில் இருக்கும் கமராக் கம்பனியின் கணினிக்குப் போய், அங்கிருந்துதான் தன்னிடம் வருகிறது என்றும், இனி அது வேண்டாம், நேராக வீட்டுக்கு வருகிற வழி ஒன்று போடப் போவதாகவும் சொன்னார்.

அதைப் போட்டுத் தந்தவர் உப்புக்குளத்தில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம். அப்பாவின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர் என்பதால் வீடு தேடி வந்தார். தீப்பெட்டி இரண்டை அடுக்கி வைத்த அளவில் ஒரு பெட்டியை, கமராவோடு அதே பிளக்கில் பிரித்துக் கொழுவியிருந்த எங்கள் ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். வைக்கும்போதே அப்பாவுக்கு விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கப்படுத்தினால் நான் நிமிர்ந்து பார்க்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்கட சிம்முக்கு வெளியில தெரியிற மாதிரிச் சொந்த விலாசம் இல்ல. இந்தப் பக்கத்துச் சனம் எல்லாருக்கும் சேத்து ஒரு விலாசம்தான். நாட் எண்டு சொல்லுறது. உள்ளுக்கிருந்து வெளிய போகலாம். வெளியில இருந்து ஒராள் உங்களைத் தேடி உள்ளுக்கு வரேலாது."

அப்பா யோசித்தார். "அப்ப பஸ் மாதிரி."

"எப்பிடி?"

"பஸ்ஸுக்கு ஒரு நம்பர். உள்ளுக்கு இருக்கிற சனத்துக்கு நம்பர் இல்லை. றோட்டில நிக்கிறவன் பஸ்ஸைத்தான் காணுவான், ஆர் உள்ளுக்கு எண்டு அவனுக்குத் தெரியாது. கொண்டக்டருக்குத்தான் தெரியும்."

நானா கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அதேதான். இப்ப புது விலாசம் வந்திருக்கு. வி-சிக்ஸ் எண்டுறது. அதில ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு சாமானுக்கும் சொந்த நம்பர். உங்கட மகன்ட வீட்டில அதுதான் இருக்கு. உங்கட சிம் இன்னும் பழசு. புதுசைப் பழைய றோட்டில ஓட்டேலாது."

"அப்ப?"

"புது விலாசம் எழுதின சாமானைப் பழைய விலாசம் போட்ட பேப்பரால சுத்திறது. கொண்டக்டர் வெளிப் பேப்பரைத்தான் பாப்பார். அங்கால இறங்கினதும் பிரிக்கிறது."

"பார்சல்," என்றார் அப்பா. அவருக்கு அது நன்றாகத் தெரியும். தலைமன்னார்ப் பக்கத்துச் சனம் ரவுணுக்குக் கொடுத்துவிடும் பொதிகளை அவர் சீற்றுக்குக் கீழே வைத்துக் கொண்டுவருவார். உள்ளே என்ன என்று ஒருநாளும் பார்த்ததில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். கருவாடு மட்டும் தானாகவே சொல்லிவிடுமாம்.

இன்னும் ஒன்று சொன்னார் நானா. இந்தப் பெட்டி சும்மா இருக்கக் கூடாதாம். கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தால், நடுவில் இருக்கும் கம்பனி இயந்திரம் எங்களை மறந்து வழியை மூடிவிடுமாம். அதனால் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் பெட்டி இடைக்கிடை வெளியே ஒரு வெறுஞ் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்குமாம்.

"பஸ்ஸுக்குள்ள ஒருத்தன் சும்மா சும்மா மணி அடிக்கிற மாதிரி," என்றார் அப்பா. "நான் எண்டா இறக்கி விட்டிருப்பன்."

நானா என் பக்கம் திரும்பினார். "பயப்படாதேங்கோ தங்கச்சி. சொந்த விலாசம் வந்தா ஆரும் வந்து தட்டலாம். அதால பூட்டுப் போட்டிருக்கிறன். உங்கட அண்ணன்ட வீட்டில இருந்து வந்தா மட்டும்தான் திறக்கும். வேற ஏதும் கேக்க இருக்கா?"

இருந்தது. நீல விளக்கு முந்தி மாதிரியே எரியுமா என்று கேட்க நினைத்தேன். ஒரு வெளி ஆளிடம் விளக்கைப் பற்றிக் கேட்டால், ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்பார். பார்வை படாத நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று அவர் நினைப்பார். "இல்லை நானா," என்றேன். தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போய்விட்டேன்.

அதன் பிறகு நீல விளக்கு எரியவில்லை. ஒரு கிழமை பார்த்தேன், இன்னொரு கிழமையும் பார்த்தேன். எரியவே இல்லை. அண்ணனுக்கு வேலை கூடிவிட்டது, இத்தனை பாடுபட்டு வழி போட்டுவிட்டுப் பார்க்க நேரமில்லை என்று எண்ணினேன். கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது. அதைவிட ஆறுதலாக இருந்தது. சீலைத் தலைப்பை இழுத்து விடுவதை விட்டுவிட்டேன். அழுகை வந்த நேரம் குசினிக்குப் போகாமல் ஹோலில் இருந்தே அழுதேன்.

அது தவக்காலம். என் வலது கை மணிக்கட்டு வீங்கியிருந்தது. அப்பாவைத் தூக்கும்போது விரல்கள் பிடி விட்டுவிடும். ஒரு நாள் பாதி தூக்கிய நிலையில் பிடி விட்டு அவரைக் கட்டிலில் போட்டுவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அன்று பின்நேரம் சூசையப்பருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கை ஏலாது என்றேன். இரவில் நித்திரை இல்லை என்றேன். பிறகு, நன்மரணம் கொடும் என்று கேட்டேன். அது எங்கள் வீட்டில் வழக்கமாகக் கேட்பதுதான். சூசையப்பர் நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர். புதன்கிழமைகளில் அம்மா எங்கள் எல்லாருக்காகவும் கேட்பார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்காகவும். ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. "என்ர கை விடுறதுக்கு முதல் அப்பாவைக் கூப்பிடும். நான் விழுந்தா அவருக்கு ஆரும் இல்லை," என்றேன். அதை அன்று மட்டுமல்ல, பிறகும் கேட்டேன்.

பாடுகளின் ஞாயிறு நெருங்கிய ஒரு காலை அண்ணன் போன் எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"வவுனியாவில சிஸ்டர்மார் நடத்துற வயதுபோன ஆக்களின்ர இல்லத்தில கதைச்சிட்டன். உயிர்த்த ஞாயிறு முடிய அப்பாவைக் கொண்டுபோய் விடுவம்."

"ஏன் அண்ணை?"

"உனக்குக் கை ஏலாது. நித்திரையும் இல்லை."

"ஆர் சொன்னது?"

"நீதான் சொன்னனீ. சூசையப்பருக்கு."

நான் கமராவைப் பார்த்தேன். விளக்கு இல்லை. கறுத்த கண் மட்டும் இருந்தது.

"மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில போனைக் காதில போட்டுக்கொண்டு உங்கட செபத்தைக் கேக்கிறனான். இஞ்ச தனிய இருந்து சாப்பிடேக்க வீட்டுச் சத்தம் ஒண்டு வேணும்போல இருக்கும். அதுக்காகத்தான் கேட்டனான். ஆனா நீ அப்பாவைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டாய். ஒருக்கா இல்லை. அப்பிடிக் கேக்கிற ஆளை நம்பி நான் என்னெண்டு அப்பாவை அங்க விடுறது?"

நான் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அம்மாவின் புதன்கிழமைகளைச் சொல்லியிருக்கலாம். அவருக்காகவும் அம்மா நன்மரணம் கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா கேட்டது மட்டுமா நான் கேட்டது? அந்த இரண்டாவது வசனத்தை நான் எனக்குள்ளேயே நேராகப் பார்க்கவில்லை. அதனால் வாய் வரவில்லை. "சரி," என்றேன். அந்தச் சொல்லுக்காகப் பிறகு நாள் முழுக்க என்னையே திட்டினேன்.

வேறு யாரிடமும் கேட்க முடியாமல் நானாவுக்குப் போன் எடுத்தேன். நானாக அவருக்கு எடுத்தது அதுதான் முதல் தடவை.

"நானா, அந்தக் கமராவில நீல விளக்கு..."

"அது கம்பனிக்காரன்ட வழியால ஆரும் பாத்தாத்தான் எரியும் தங்கச்சி. இது அவனைத் தொடாம நேர வாற வழி. விளக்குக்கு ஒண்டும் தெரியாது. ஏன், அதை நான் சொல்லேல்லையா?"

"நான் கேக்கேல்லை."

அவர் ஏதோ விளங்கிக்கொண்டது போலக் குரலைத் தாழ்த்தினார். "வேணாமெண்டா அந்தச் சின்னப் பெட்டியைக் கழட்டி விடுங்கோ. உள்ளுக்கிருந்து சத்தம் போகாட்டி வழி தானா மூடும். வெளியில நிக்கிற ஒருத்தராலயும் திறக்கேலாது. அண்ணனாலயும் ஏலாது."

அந்த வழி எங்கள் வீட்டுக்குள் இருந்துதான் திறந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது பிளக். ஆனால் கழற்றினால் அண்ணன் என்ன நினைப்பார்? அப்பாவை நான் என்ன செய்கிறேன் என்பதை மறைக்கிறேன் என்பார். அடுத்த கிழமையே வாகனம் வாசலில் நிற்கும். அப்பா திரும்ப விழுந்தாலும் பார்க்க ஆளில்லை. கழற்றவும் முடியவில்லை, அதன் முன்னால் முழந்தாளில் இருக்கவும் முடியவில்லை. சில நாள் பின்நேரச் செபத்தை வேகமாகச் சொல்லிவிட்டு எழும்பிப் போனேன். சூசையப்பருக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன் அப்பாவிடமும் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அப்பா போனைத் திருப்பித் தந்துவிட்டு வெகுநேரம் முகட்டைப் பார்த்தார்.

"வவுனியாவாம். தீவை விட்டுப் பாலத்துக்கு அங்கால என்னைக் கொண்டுபோக ஆரிட்ட லைசன் இருக்கு?"

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

"உனக்கும் அது சரியோ?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். உடனே ஆட்டினேனா, கொஞ்சம் பிந்தியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அப்பா கண்ணாடியில் பின்னால் இருக்கும் சனத்தைப் பார்த்துப் பழகினவர். அந்தக் கொஞ்ச நேரம் அவருக்குத் தப்பியிருக்காது.

பாடுகளின் ஞாயிறுக்கு முதல் நாள், தவக்கால வழக்கப்படி, கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடினார்கள். எங்கள் வீட்டிலும் மூடுவோம். அம்மா தைத்த துணி அலுமாரியில் இருந்தது. சூசையப்பரை மூடியபோது துணி அகலமாக இருந்தது. நான் யோசிக்கவில்லை. மிச்சத்தை இழுத்துக் கமராவின் மேலும் போட்டேன்.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். "சூசையப்பரை மூடினாய், சரி. கொண்ணனை ஏன் மூடினாய்? அவன் எப்ப சுரூபமானவன்?"

"துணி பெரிசு அப்பா."

"ஓமோம். துணி பெரிசுதான்."

அன்று பின்நேரம் செபத்துக்கு இருந்தோம். முடிந்தது. அப்பா கண்ணை மூடினார். துணி படத்தைத்தான் மறைக்கும், சத்தத்தை மறைக்காது என்று எனக்குத் தெரியும். ஜேர்மனியில் அது சாப்பாட்டு நேரம் என்றும் தெரியும். எழும்பப் போன நான் எழும்பவில்லை. போனில் சொல்ல வராதது, முகம் இல்லாத அந்த ஊதாத் துணிக்கு முன்னால் வந்தது.

"சூசையப்பரே, அம்மா புதன்கிழமையில கேட்டதைத்தான் நானும் கேட்டனான். அண்ணைக்கு மறந்துபோச்சு. ஆனா மற்றதையும் நான்தான் கேட்டனான், இல்லையெண்டு சொல்லேல்லை. எனக்குக் களைப்பு. களைச்ச ஆள் கேக்கிறதை நீர் அப்பிடியே எடுக்கவேண்டாம். அப்பாவைப் பாலத்துக்கு அங்கால அனுப்ப எனக்கு விருப்பமில்லை. எனக்குத் தூக்கிப் பிடிக்க இன்னொரு கை வேணும். அதுதான். அதைக் கேக்கத் தெரியாமத்தான் வேற என்னவோ எல்லாம் கேட்டனான்."

துணிக்குள் இருந்து ஒரு கரகரப்பு வந்தது. அந்தக் கமராவில் பேசவும் முடியும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன்.

"தங்கச்சி."

அப்பா கண்ணைத் திறந்து சிலுவை அடையாளம் போட்டார். பிறகு குரலை அடையாளம் கண்டு, "சூசையப்பருக்குத் தடிமன் பிடிச்சிட்டுது போல," என்றார்.

அண்ணன் அழுதுகொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் மற்றவர்களும் இருந்திருப்பார்கள். "பகலில தூக்க ஒரு ஆளைப் பாப்பம்," என்றார். "கையைக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டு. ஓகஸ்ட்டில நான் வாறன். வவுனியாவை வந்து பாத்து யோசிப்பம்." வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யோசிப்போம் என்றுதான் சொன்னார்.

"அண்ணை," என்றேன். "செபம் முடிய நான் சூசையப்பரோட கதைக்கிற நேரம் அந்தப் பெட்டியைக் கழட்டுவன்."

வெகுநேரம் சத்தம் இல்லை. வழி மூடிவிட்டதோ என்று நினைத்தேன்.

"அந்த நேரம் அப்பா விழுந்தா?"

"நான் பக்கத்தில இருக்கிறன்தானே."

"சரி," என்றார். என்னுடைய சொல்லை அவர் சொன்னதைக் கேட்க ஒரு மாதிரி இருந்தது.

அடுத்த நாள் செபம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றினேன். பெட்டியில் துடித்துக்கொண்டிருந்த சின்னப் பச்சை வெளிச்சம் அணைந்தது. முழந்தாளில் இருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. கேட்க யாரும் இல்லாத வீட்டில் கேட்கப்படுவது போலவே இருந்தது. இனி எப்போதும் இப்படித்தானோ என்று பயம் வந்தது.

"கழட்டிட்டியே?" என்றார் அப்பா. அவர் தூங்கவில்லை.

"ஓம்."

"அப்ப கேள்."

"என்னத்தை?"

"ஒவ்வொரு நாளும் எனக்காகக் கேப்பியே, அதை. இந்தக் கிழமை நீ கேக்கேல்லை."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்குக் காது..."

"இடதுதான் செவிடு. மற்றதைப் பற்றி நீ கேக்கவே இல்லையே." அவர் முகட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நல்ல சாவுதான் கேக்கிறாய். நானும் அதைத்தான் கேக்கிறன். இந்த வீட்டில, இந்தக் கட்டிலில. நீ கேட்டா அவர் கேப்பார். வாயை மூடிக்கொண்டிராதை."

எவ்வளவு கேட்டது, அந்த இரண்டாவது வசனமும் கேட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மெல்லிய குரலில் சொல்லத் தொடங்கினேன். கை விடுவதற்கு முதல் என்ற இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். அப்பா காத்திருந்து பார்த்துவிட்டு ஆமென் என்றார்.

எழும்பிப் பிளக்கைப் போட்டேன். பச்சை வெளிச்சம் மறுபடி துடிக்கத் தொடங்கியது. ஊதாத் துணியின் ஓரத்தைக் கமராவில் இருந்து விலக்கினேன். நீல விளக்கு எரியவில்லை. எரியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அங்கே அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தாரோ இல்லையோ, அதுதான் தெரியாது.

"அண்ணை," என்றேன், "செபம் முடிஞ்சுது."